அரண்மனைச் சித்திரத்தை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தவர்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் பெருஞ்சாலையின் ஓரத்திலும், உள்ளே தள்ளியுள்ள ஊர்களிலும் புதுப்புது வீடுகள் எழும்பியிருக்கின்றன. தொழிற்சாலை வேலையை நம்பி வந்தவர்கள் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிக் கட்டிய வீடுகள். இப்படிப்பட்ட வீட்டுக் கூடத்தில் சில சமயம் ஒரு வகைத் துணியைக் காணலாம். ஜமக்காளத்தைப் போலக் கனமாக இருக்கும். ஆனால் தரையில் விரிப்பதற்கல்ல, சுவரில் தொங்கவிடுவதற்கு. கிறிஸ்தவர் வீடானால் அதில் இயேசுநாதரின் கடைசி இராப்போஜனம் இருக்கும். முஸ்லிம் வீடானால் மக்காவின் கஃபா இருக்கும். வேறு சிலர் நமக்குப் பழக்கமே இல்லாத ஒரு காட்சியை மாட்டியிருப்பார்கள். சிவந்த தரை, அதில் வாரி இறைத்தாற்போல் பூக்கள். நடுவில் ஓர் ஐரோப்பியச் சீமாட்டி. ஒரு பக்கம் சிங்கம். மறு பக்கம் நெற்றியில் ஒற்றைக் கொம்பு முளைத்த வெள்ளைக் குதிரை!

வீட்டுக்கு வந்தவர் அருகில் போய் விரலால் தடவிப் பார்ப்பார். சாயம் தோய்த்து எழுதியதோ, அச்சடித்ததோ என்று ஐயம். இரண்டும் இல்லை. சீமாட்டியின் கண்ணும், சிங்கத்தின் பிடரியும் தறியிலேயே நூலும் நூலுமாக நெய்யப்பட்டவை.

இந்தக் காட்சியின் மூலம் பாரிஸ் நகரத்தில் குளூனி பொருட்காட்சி சாலையில் இருக்கிறது. மொத்தம் 6 திரைகள். 1500-ஆம் ஆண்டையொட்டி நெய்யப்பட்டவை. டேபஸ்டிரி என்று ஐரோப்பியர் சொல்லும் இந்தச் சித்திரத் திரைகளை அந்தக் காலத்தில் அரசர்களும், பிரபுக்களும், பெரிய தேவாலயங்களும் தவிர வேறு யாரும் கனவில்கூட வாங்கியிருக்க முடியாது. அப்படிப்பட்ட பொருளின் நகல் மாதச் சம்பளக்காரரின் கூடத்துக்கு வந்து சேர்ந்ததற்கு ஒரு மனிதர் காரணம். நம்முடைய நெசவாளர்கள் அவர் பெயரைத் தினமும் சொல்கிறார்கள். காஞ்சீபுரத்திலும் ஆரணியிலும் சேலத்திலும் தறிக்கு மேலே அமர்ந்திருக்கும் பெட்டிக்கு ஜக்கார்டு பெட்டி என்றுதான் பெயர். அது ஒரு மனிதரின் பெயர் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

ஊடை நூலின் வேலை

பழைய சித்திரத் திரை எப்படி உண்டாயிற்று என்பதை நம் ஊர்ப் பட்டுச் சேலையைக் கொண்டே விளக்கிவிடலாம். காஞ்சீபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். உடலின் ஊடை கரையின் எல்லை வரை வந்து, கரை ஊடையுடன் கோத்துக்கொண்டு திரும்பிவிடும். இரண்டு எல்லைகளுக்கே மூன்று நாடாக்களும், தறியோரம் உதவிக்கு ஓர் ஆளும் தேவைப்படுகின்றன. சித்திரத் திரையிலோ ஒவ்வொரு பூவிதழும் ஓர் எல்லை! ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக நூல் சுற்றிய சிறு கட்டை. நெசவாளர் ஓவியரின் மாதிரியைப் பார்த்து, அந்த நிறம் எங்கே முடிகிறதோ அங்கேயே ஊடையைத் திருப்பி, அடுத்த நிறத்தை எடுப்பார். பாவு நூல் முழுவதும் உள்ளே மறைந்துவிடும். வெளியே தெரிவதெல்லாம் ஊடைதான். பெரிய திரை ஒன்றை முடிக்கப் பல நெசவாளர் வரிசையாக உட்கார்ந்து மாதக் கணக்கில், வருடக் கணக்கில் உழைக்க வேண்டும். விலை அரசர்களுக்கு மட்டுமே எட்டியதில் வியப்பென்ன?

பட்டுச் சேலைபோல மெல்லிய துணியில் பூவும் கொடியும் எடுப்பதற்கு இன்னொரு முறை இருந்தது. பாவு நூல்களில் எவை மேலே எழும்ப வேண்டும், எவை கீழே நிற்க வேண்டும் என்பதைக் கயிறுகளால் ஆட்டுவிக்கும் முறை அது. நெசவாளர் ஒருவர் தறியில் உட்கார்ந்திருப்பார். கயிறு இழுப்பதற்குத் தறியின் பக்கத்தில் ஒரு சிறு பையனோ பெண்பிள்ளையோ நிற்க வேண்டும். ஒவ்வோர் ஊடைக்கும் வேறு வேறு கயிற்றுக் கற்றை. அதில் தொங்கும் ஈயக் குண்டுகளின் பாரத்தையெல்லாம் அந்தக் குழந்தைதான் தூக்கிப் பிடிக்க வேண்டும். காலை முதல் இரவு வரை இதே வேலை. ஒரு கயிறு தவறினால் பூ கோணலாகும், அடி விழும். பிரான்சு தேசத்தின் பட்டு நகரமான லியோனில் இப்படி வளைந்துபோன சிறு முதுகுகள் எத்தனையோ!

லியோனில் ஒரு பையன்

அந்த லியோன் நகரத்தில் 1752-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் ஜோசப் மாரி ஜக்கார்டு பிறந்தார். தகப்பனார் ஜான் சார்ல் சொந்தத் தறி வைத்திருந்த நெசவாளர். குடும்பத்தின் உண்மையான பெயர் சார்ல். அந்தப் பெயரில் பல கிளைகள் இருந்தமையால், அடையாளத்துக்காக இந்தக் கிளைக்கு ஜக்கார்டு என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் கிழக்கு வீட்டுக்காரர், மேட்டுத் தெருக்காரர் என்று சொல்வதில்லையா, அதைப் போல.

அதே காலத்தில் நம் பக்கம் மைசூரில் ஹைதர் அலியின் கொடி உயர்ந்துகொண்டிருந்தது. அவருடைய மகன் திப்பு சுல்தான் ஏறக்குறைய ஜக்கார்டின் வயதுக்காரர். பட்டுப்பூச்சியை வரவழைத்து மைசூர் நாட்டில் பட்டு வளர்ப்பை ஊன்றியவர் அவரே. ஓசூர் 1799 வரை அவருடைய ஆட்சியில் இருந்தது. இன்று தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்து வயல்களில் பசுமையாக நிற்கும் மல்பெரிச் செடிக்கும் லியோன் நகரத்துத் தறிகளுக்கும் பட்டு நூல்தான் உறவு.

பையன் ஜோசப்புக்குப் 13 வயது வரை எழுத்து வாசனையே இல்லை. அவனுடைய அக்காளை மணந்த பாரே என்பவர் அச்சுக்கூடமும் புத்தகக் கடையும் வைத்திருந்தார். அவர்தான் மைத்துனனுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தார். புத்தகம் கட்டும் தொழிலையும் பையன் சிறிது பழகினான். கயிறு இழுக்கும் வேலையில் அவனும் சிறு வயதில் வதைபட்டான் என்று ஒரு கதை உண்டு. அது எப்படியானாலும், அந்த வேலையைக் கண்ணெதிரே பார்த்து வளர்ந்தவன் என்பதில் சந்தேகமில்லை.

1772-இல் தகப்பனார் காலமானார். வீடு, தறிகள், கூசோன் என்ற கிராமத்தில் ஒரு திராட்சைத் தோட்டம், ஒரு கல்குவாரி எல்லாம் மகனுக்கு வந்தன. 1778-இல் குளோதீன் என்ற விதவையை மணந்தார். ஒரு மகன் பிறந்தான். சொத்து இருந்தது, சாமர்த்தியம் இல்லை. ஜக்கார்டின் கையில் காசு நிற்காது. கடன் ஏறிற்று. தகப்பனார் தேடிய ஆஸ்தி ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறியது. மனைவி தொப்பி பின்னிப் பிழைத்தாள் என்றும், கணவர் சுண்ணாம்புக் காளவாயில் கூலி வேலை செய்தார் என்றும் சொல்வார்கள். 40 வயது வரை இவரைப் பற்றிச் சொல்ல வேறு பெருமை ஒன்றும் இல்லை.

புரட்சியில் எரிந்த திரைகள்

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1793-இல் லியோன் நகரம் பாரிஸின் புரட்சி அரசை எதிர்த்து எழுந்தது. முற்றுகை இரண்டு மாதங்கள் நீடித்தது. நகரைக் காத்தவர்களில் ஜக்கார்டும் இருந்தார். பிள்ளைப் பருவம் தாண்டாத மகனும் இருந்தான். நகரம் விழுந்தது. ஏறத்தாழ 2,000 பேர் கொல்லப்பட்டார்கள். லியோன் என்ற பெயரே இனி இருக்கக் கூடாது என்று பாரிஸ் உத்தரவிட்டது. தகப்பனும் மகனும் தப்பி ஓடி, யாரை எதிர்த்தார்களோ அவர்களுடைய படையிலேயே சேர்ந்தார்கள். உயிர் பிழைக்க அதுதான் வழி. மகன் போரிலிருந்து திரும்பி வரவில்லை. தகப்பன் மட்டும் லியோனுக்கு வந்து சேர்ந்தார்.

இந்த ஆண்டுகளில் சித்திரத் திரைகளுக்கு நேர்ந்த கதியையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆன்ஜே நகரத்தில் ஒரு மாபெரும் திரை வரிசை உண்டு. பைபிளின் கடைசி ஆகமத்தில் வரும் உலக முடிவுக் காட்சிகள் அதில் நெய்யப்பட்டுள்ளன. ஆன்ஜூ நாட்டுக் கோமகன் லூயி நெய்வித்தது; 1382-ஆம் ஆண்டையொட்டி முடிந்தது. இப்போது மிஞ்சியிருப்பதே 100 மீட்டர் நீளம் இருக்கும். புரட்சிக் காலத்தில் அதைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். சில துண்டுகள் குதிரை லாயத்துக்குப் போயின. சில துண்டுகளை ஆரஞ்சு மரங்களுக்குப் பனி படாமல் போர்த்தினார்கள். பாரிஸில் நடந்தது இன்னும் கொடுமை. அரசர்களுடைய திரைகளில் பொன்னும் வெள்ளியும் இழையோடியிருந்தன. கஜானா காலி. 1797-இல் அந்தத் திரைகளில் பலவற்றை நெருப்பிலிட்டு, சாம்பலில் உருகிக் கிடந்த உலோகத்தை எடுத்துக்கொண்டார்கள். எத்தனை நெசவாளரின் எத்தனை ஆண்டு உழைப்பு அந்தச் சாம்பல்!

அந்த நாட்களில்தான், மகனைப் பறிகொடுத்த ஒரு மனிதர், சித்திரம் நெய்யும் யந்திரத்தைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டு லியோன் நகரத்தில் உட்கார்ந்திருந்தார்.

துளை உண்டா, இல்லையா?

1801-இல் பாரிஸ் பொருட்காட்சியில் ஜக்கார்டு செய்த தறி ஒன்றுக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. பிறகு மீன் வலை பின்னும் யந்திரம் ஒன்றைச் செய்தார். அது அவரைப் பாரிஸ் வரை கொண்டுபோய்விட்டது. அங்கே அரசாங்கத்தின் தொழில்நுட்பக் கலைக்கூடத்தில், மூலையில் போட்டுக் கிடந்த ஒரு பழைய தறியை அவர் கண்டார். வோகன்சோன் என்ற யந்திர மேதை 1745-இல் செய்தது அது.

உண்மையைச் சொன்னால், ஜக்கார்டு வெறுங்கையில் முழம் போடவில்லை. 1725-லேயே பூஷோன் என்பவர் துளையிட்ட காகிதச் சுருளைக் கொண்டு பாவு நூல்களைத் தேர்ந்தெடுக்கப் பார்த்தார். சில ஆண்டுகளில் பால்கோன் என்பவர் காகிதத்துக்குப் பதில் அட்டைகளைக் கோத்தார். வோகன்சோன் கயிறு இழுக்கும் ஆளே இல்லாத தறிக்கு வழி தேடினார். மூவருடைய முயற்சியும் பழக்கத்துக்கு வரவில்லை. அம்மூன்றையும் ஒன்று சேர்த்து ஓடவைத்ததுதான் ஜக்கார்டின் பெருமை. அது சிறிய பெருமை என்று நினைக்க வேண்டாம். மூன்று பேர் முக்கால் நூற்றாண்டாகத் தட்டியும் திறக்காத கதவு அது.

யந்திரத்தின் சூட்சுமம் எளிது. ஒவ்வொரு பாவு நூலும் ஒரு கயிற்றில் தொங்குகிறது. கயிறு மேலே ஒரு கொக்கியில் கட்டப்பட்டிருக்கிறது. கொக்கிக்குக் குறுக்கே ஓர் ஊசி. ஊசிகளின் முனைக்கு எதிரே அட்டை வந்து மோதும். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி நுழைந்துவிடும். கொக்கி தன் இடத்தில் நிற்கும். மேலே எழும் சட்டம் அதைத் தூக்கிக்கொண்டு போகும். துளை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்படும், கொக்கி விலகிக்கொள்ளும், நூல் கீழேயே நின்றுவிடும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. ஊடை போட்டதும் அடுத்த அட்டை தானே வந்து நிற்கும். அட்டைகள் மாலையாகக் கோக்கப்பட்டுத் தறியின் மேலே சுழன்று வரும். பாவு எழும்பவும், நாடா ஓடவும், நெசவாளர் ஒருவரே போதும். தறியருகில் நின்ற குழந்தைக்கு வேலை இல்லை!

மாலை மாலையாக அட்டையைக் கோத்து நூலால் தைக்கும்போது, இளமையில் பழகிய புத்தகக் கட்டு வேலை அவர் நினைவுக்கு வந்திருக்குமோ என்னவோ.

1805 ஏப்ரல் மாதம் சக்கரவர்த்தி நெப்போலியன் லியோனுக்கு வந்து புதிய தறியைப் பார்வையிட்டார். யந்திரத்தின் உரிமை நகரத்துக்குப் பொதுவாயிற்று. ஜக்கார்டுக்கு ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு 3,000 பிராங்க் உபகாரச் சம்பளம். அதோடு சில ஆண்டுகளுக்கு, ஓடும் ஒவ்வொரு தறிக்கும் 50 பிராங்க். அப்போது அவருக்கு வயது 52.

நெசவாளரின் கோபம்

லியோன் நெசவாளர்கள் அவருடைய தறியை நடுத்தெருவில் போட்டு உடைத்துக் கொளுத்தினார்கள், அவரையே ரோன் ஆற்றில் தள்ளப் பார்த்தார்கள் என்று பள்ளிப் புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. இந்தக் கதையில் மிகை அதிகம் என்பது பிற்கால ஆராய்ச்சியாளரின் முடிவு. ஆனால் கோபம் இருந்தது உண்மை. ஆரம்பத்தில் யந்திரம் அடிக்கடி பிழை செய்தது. பட்டு பாழானால் நஷ்டம் யாருக்கு? நெசவாளருக்குத்தான். பிரெத்தோன் என்ற தொழில்நுட்பர் பத்து ஆண்டுகளுக்குப் பின் அதைச் செப்பனிட்டார். அதன் பின்னரே அது தறிக்குத் தறி பரவியது. செப்பனிட்டவரின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. உலகம் இப்படித்தான் ஒருவருக்கே மாலை போடுகிறது.

யந்திரம் உயரமானது. அதற்காகவே லியோனில் குருவா ரூஸ் என்னும் மேட்டில் 4 மீட்டர் உயரக் கூரையோடு வீடுகள் கட்டினார்கள். கீழே தறி, தறிக்கு மேலே பெட்டி, ஓரத்தில் பரண் போட்டு அதில் குடும்பத்தின் படுக்கை. கயிறு இழுத்த குழந்தை விடுதலை பெற்றது என்று மகிழலாம். ஆனால் அந்தக் குழந்தையின் கூலியும் போயிற்று. பலர் வேறு ஆலைக்குத்தான் போனார்கள். தறி வேகமாயிற்று, கூலி ஏறவில்லை.

1831 அக்டோபரில் நெசவாளரும் வியாபாரிகளும் அதிகாரியின் முன்னிலையில் குறைந்தபட்சக் கூலிக்கு ஒப்பந்தம் செய்தார்கள். வியாபாரிகளில் பலர் அதை மதிக்க மறுத்தார்கள். பாரிஸ் அரசாங்கமும் அதை ஏற்கவில்லை. நவம்பரில் நெசவாளர் திரண்டு நகரத்தையே கைப்பற்றினார்கள். நகரம் கையில் இருந்தபோதும் அவர்கள் கொள்ளையில் இறங்கவில்லை என்பது கவனிக்கத் தக்கது. படை வந்து அடக்கியது. 1834 ஏப்ரலில் மறுபடியும் கிளர்ச்சி. இம்முறை பீரங்கி பேசிற்று, நூற்றுக்கணக்கானவர் மாண்டார்கள். அவர்கள் போராடியது யந்திரத்தை எதிர்த்து என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. யந்திரத்தை அவர்கள் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். யந்திரம் ஈட்டிய பணத்தில் தங்கள் பங்கைத்தான் கேட்டார்கள்.

ஜக்கார்டு அப்போது லியோனுக்குத் தெற்கே ஊலான் என்ற சிற்றூரில் தோட்டத்து வீடு ஒன்றில் ஒதுங்கி வாழ்ந்தார். 1819-இலேயே அரசாங்கம் அவருக்குக் கௌரவச் சிலுவை அளித்திருந்தது. ஏப்ரல் மாதத்துப் பீரங்கி ஓசை அந்தத் தோட்டம் வரை கேட்காமலா இருந்திருக்கும்? அதைக் கேட்டு அந்த முதியவர் என்ன நினைத்தாரோ, யாரும் எழுதிவைக்கவில்லை. 1834 ஆகஸ்டு 7-ஆம் நாள், 82-ஆம் வயதில், அங்கேயே காலமானார். 1840-இல் லியோன் அவருக்குச் சிலை வைத்தது.

தறியில் பிறந்த உருவப்படம்

சிலையைவிட விசித்திரமான நினைவுச்சின்னம் ஒன்று அதற்கு முந்திய ஆண்டே உருவாகிவிட்டது. கார்க்கியா என்ற நெசவாளர் ஜக்கார்டின் உருவப்படத்தை ஜக்கார்டு தறியிலேயே பட்டில் நெய்தார். நாற்காலியில் அமர்ந்து, கையில் கவராயத்துடன், கருவிகள் சூழ முதியவர் காட்சியளிக்கிறார். அதற்குச் செலவான அட்டைகள் 24,000!

லண்டனில் பாபேஜ் என்ற கணித அறிஞர் அந்தப் படம் ஒன்றை வாங்கித் தம் வீட்டில் மாட்டியிருந்தார். 1842-இல் விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் அங்கே வந்தார். கூட வந்தவர் வெலிங்டன் பிரபு. திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அதிகாரியாக இருந்தாரே, அதே வெலிங்டன். அவர் படத்தைப் பார்த்துச் செதுக்கி அச்சிட்ட சித்திரம் என்றே எண்ணினார். அது துணி என்பதை இளவரசர் அறிந்திருந்தார்; அவர்தான் திருத்தினார்.

பாபேஜ் அந்தப் படத்தை அழகுக்காக மட்டும் வாங்கவில்லை. துளையட்டை பூவை நெய்யுமானால், கணக்கையும் ஏன் நெய்யக் கூடாது? அவர் திட்டமிட்ட கணித யந்திரத்துக்கு அட்டைகளே கட்டளை. 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹாலரித் என்பவர் துளையட்டைகளால் எண்ணி முடித்தார். இருபதாம் நூற்றாண்டில் கம்ப்யூட்டர்களும் நெடுநாள் அட்டையைத்தான் தின்று வாழ்ந்தன. ஓசூர்த் தொழிற்சாலைகளில் கட்டளை எண்களைப் படித்து இரும்பைக் கடையும் யந்திரங்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றின் முன்னோர் துளையிட்ட நாடாவைப் படித்தவை. வமிசாவளியைத் தேடிப் போனால் லியோன் தறியில் போய் நிற்கும்.

மீண்டும் கூடத்துச் சுவர்

சீமாட்டியும் ஒற்றைக்கொம்பனும் இருந்த 6 திரைகள் நெடுங்காலம் மறந்து கிடந்தன. 1841-இல் பழைய சின்னங்களின் மேற்பார்வையாளரான மெரிமே அவற்றைப் பூசாக் கோட்டையில் கண்டார். ஈரமும் எலியும் ஓரங்களைத் தின்றிருந்தன. 1882-இல் அவை குளூனிக்கு வந்தன. ஆன்ஜே நகரத்துத் துண்டுகளையும் தேடிச் சேர்த்துத் தைத்தார்கள். அரசன் வீட்டுப் பொருள் எல்லோரும் பார்க்கும் பொருளாயிற்று. பார்த்தவருக்கு வீட்டிலும் ஒன்று வேண்டும் என்ற ஆசை வராதா? இங்கிலாந்தில் கவெண்ட்ரி நகரத்து ஸ்டீவன்ஸ் 1860-களிலேயே ஜக்கார்டு தறியில் பட்டுச் சித்திரங்கள் நெய்து ஏழை எளியவரும் வாங்கும்படி விற்றார். வட பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பழைய திரைகளின் நகல்கள் ஆலைகளில் நெய்யப்பட்டன. 1983-இல் அட்டையே இல்லாமல், கம்ப்யூட்டர் நேரே கொக்கியைத் தூக்கும் ஜக்கார்டும் வந்துவிட்டது.

நகல் வேறு, மூலம் வேறு என்பதை அறிய ஒரு வழி உண்டு. துணியைத் திருப்பிப் பாருங்கள். கையால் நெய்த திரையில் முன்புறமும் பின்புறமும் ஏறக்குறைய ஒரே சித்திரம்தான்; பின்னால் நூல் முனைகள் மட்டும் தொங்கும். யந்திரத் துணியில் சித்திரத்துக்கு வேண்டாத நூல்கள் எல்லாம் பின்னால் ஓடும். சீமாட்டி இருந்த இடம் கோடும் கலங்கலுமாகத் தெரியும். மேலும், ஆலையில் சில நிறப் பாவுகளையும் சில ஊடைகளையும் கலந்துதான் எல்லா நிறத்தையும் காட்டியாக வேண்டும். கிட்டப் போய்ப் பார்த்தால் கன்னத்துச் சிவப்பு பல நிறப் புள்ளிகளாகப் பிரிந்துவிடும்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. பழைய திரைகளின் முன்புறம் நூற்றாண்டு வெளிச்சம் பட்டு வெளுத்துவிட்டது. வெளிச்சம் காணாத பின்புறத்தில் நீலமும் பச்சையும் நேற்றுத் தோய்த்தாற்போல் இருக்கும். நகல் நெய்பவர்கள் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் முன்புறத்து மங்கலைத்தான். அதனால் ஓசூர் வீட்டுக் கூடத்தில் மாட்டிய புத்தம் புதுத் துணி, கடையிலிருந்து பிரித்த அன்றைக்கே 500 வயதுத் தோற்றத்துடன் தொங்குகிறது.